ஆளுக்கொரு கண்ணாடிக் குழாய்

“சார், இதை நீங்க பாத்திருக்கேளா?”

நாலாம் ஃபாரத்தில் முதல் பெஞ்சில் இருந்த சாவித்ரி என்ற சிறுமி கேட்ட கேள்வி அது. தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் மூச்சை ஊதினால் நீர் பால்போல வெளுத்துவிடும் என்று பிச்சுமணி ஐயர் அப்போதுதான் பாடம் சொல்லி, போர்டில் ஒரு ஜாடியும் குழாயும் வரைந்து முடித்திருந்தார். குழந்தை குறும்பாகக் கேட்கவில்லை. கண்டவர் வாயால் கேட்க ஆசைப்பட்டது, அவ்வளவுதான்.

“படத்தைப் பாத்து எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டார். அன்று மாலை ஜபத்துக்கு உட்கார்ந்தபோது மனசு நிற்கவில்லை. அவர் பார்த்ததில்லை. காலேஜில் படித்தது கணக்கு. ஸயன்ஸ் வாத்தியார் மாற்றலாகிப் போனதால் அந்தப் பாடம் இவர் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்துக் கண்ணாடிச் சாமான்கள் பூட்டிய அலமாரியிலேயே இருந்தன. உடைந்தால் யார் பதில் சொல்வது?

1938-ஆம் வருஷத்து மேட மாத, அதாவது சித்திரை மாதக் கோடை விடுமுறையில், இவரைப் போலப் பயிற்சி இல்லாத ஹைஸ்கூல் ஸயன்ஸ் வாத்தியார்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு வகுப்பு நடந்தது. கடைசி நாளில் ஒவ்வொருவரும் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பரிசோதனை செய்து காட்ட வேண்டும். தேறாதவர் இனி ஸயன்ஸ் எடுக்கக் கூடாது. கீழ் வகுப்புக்குப் போக வேண்டியதுதான். பரிசோதனை எல்லோருக்கும் ஒன்றே. அந்தச் சுண்ணாம்பு நீர்.

ஒத்திகையில் ஒரே ஒரு குழாய்தான் சுற்றி வந்தது. ஒருவர் ஊதுவார், துணியால் துடைத்து அடுத்தவரிடம் கொடுப்பார். ஐயர் அதே ஊர் ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுத் தண்ணீரைக்கூட டம்ளர் உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிறவர். தம் முறை வருமுன் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ஊரார் ஊதின குழாயையா? சிவ சிவா!” என்றாள் அவர் மனைவி சீதாலக்ஷ்மி. “காத்துதானே வேணும்? அடுத்தாத்துச் சேஷன்கிட்டே சைக்கிள் பம்பு இருக்கே, எடுத்துண்டு போங்கோளேன்.”

ஐயருக்கு அது பகவானே அவள் வாயால் சொன்ன வழியாகப் பட்டது.

மறுநாள் ஒத்திகையில் பம்பை ரப்பர் குழாயில் மாட்டி அடித்தார். குமிழி குமிழியாய் வந்தது. நீர் மட்டும் முன்பு இருந்தபடியே தெளிவாக இருந்தது. இன்னும் அடித்தார். வேர்த்துக் கொட்டியது.

“சாமி, போதும், டயர் வெடிச்சிடும்!” என்றார் ஒருவர்.

“பம்புக்கும் மடியாக்கும். மூச்சு விடமாட்டேங்குது” என்றார் இன்னொருவர். கூடம் முழுக்கச் சிரிப்பு.

பாடம் நடத்திய மேனோனும் சிரித்துவிட்டார். “ஸ்வாமி, வெளிக்காற்று வேறு, நம் உள்ளே போய் வந்த காற்று வேறு. அதைக் காட்டத்தானே இத்தனை பாடும்? நாளைக்கு வாயால் ஊதணும், கேட்டோ.”

சிரிக்காதவர் பக்கத்து மேஜை நேசையன் ஒருவர்தான். பாறசாலைப் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எல்லோரும் கலைந்த பிறகு அருகே வந்தார்.

“வெறுங்காத்துக்கு வெளுக்காதுன்னு இப்ப எல்லாரும் கண்ணால கண்டாச்சு. அதுவும் பாடமாக்கும் சாமி.”

“நீரும் கேலி பண்றீரா ஓய்?”

“இல்ல சாமி. நாளைக்கு ரெண்டையும் காட்டுங்க. முதல்ல பம்பு, பொறவு மூச்சு. பிள்ளேளுக்கு நல்லா வெளங்கும்.”

“மூச்சு…” என்று ஆரம்பித்த ஐயர் முடிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த குழாயை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையை நேசையன் பார்த்தார்.

கடைசி நாள் காலையில் ஒவ்வொரு மேஜையிலும் புதிதாக வெட்டி வளைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று காகிதத்தில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. நேசையன் ஸ்டோரில் தம் பெயரில் நீளக் கண்ணாடிக் குழாய் வாங்கி, அரத்தால் அறுத்து, உதட்டைக் கிழிக்காதபடி முனைகளைத் தீயில் காட்டி மழுக்கியிருந்தார். கட்டைவிரலில் கொப்புளம்.

“ஊரெல்லாம் ஜலதோஷம் சார். ஆளுக்கொண்ணு இருக்கட்டும்னு தோணிச்சு” என்றார் மேனோனிடம்.

“கொள்ளாம், நல்ல காரியம். ஆனால் அத்தனையும் கழுவி இன்றைக்கே ஸ்டோரில் ஒப்படைப்பது உம்ம பொறுப்பு.”

அந்த வெயிலில் யாருக்கு ஜலதோஷம்? ஐயருக்குப் புரிந்தது. அவருக்கு மட்டும் தனிக் குழாய் கொடுத்திருந்தால் நேற்றைய சிரிப்பு இரட்டிப்பாகியிருக்கும். எல்லோருக்கும் கொடுத்ததால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒருவருடைய கூச்சத்தை ஊரறியாமல் மூடி வைப்பதும் ஆண்டவனுக்கு உகந்த பூஜைதான்.

ஐயரின் முறை வந்தது. முதலில் பம்பு. நீர் தெளிவாகவே நின்றது. பிறகு வேறொரு ஜாடியில் புதுக் குழாயை விட்டு ஊதினார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பின்பு மெல்லிய புகைபோல ஒரு வெண்மை புரண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜாடி முழுவதும் வெளுத்தது. ஊதுவதை நிறுத்த மறந்து நின்றார்.

“பம்பையும் சேர்த்துக் காட்டியது நல்ல யோசனை” என்று இன்ஸ்பெக்டர் தலையசைத்து அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

பல மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இனிக் குழந்தை கேட்டால், பார்த்தேன் அம்மா, நீயும் வந்து பார் என்று சொல்லலாம். வராந்தாவில் போய் நின்று வெகுநேரம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நேசையனைத் தேடி அவருடைய மைத்துனன் ஓடிவந்தான். பிரசவ வலி கண்டு நேசையனின் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நேசையன் கூடத்துக் கழுவும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் ஊதிப் போட்ட குழாய்கள் அதில் கும்பலாகக் கிடந்தன.

“நாளைக் காலையில கழுவித் தரலாமா?” என்று ஸ்டோர்க்காரரைக் கேட்டார்.

“இன்றைக்கு ஒப்படைக்காதவருக்கு சர்ட்டிபிகேட் நிறுத்தி வைப்பார்கள். நான் என்ன செய்ய?”

“போட்டும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார் நேசையன்.

வராந்தாவில் இருந்த ஐயர் காதில் இது விழுந்தது. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார். ஸ்டோர்க்காரர் சாயா குடிக்கப் போனார். கூடம் காலியாயிற்று. ஐயர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். தாம் சாப்பிட்ட இலையைக்கூட எடுத்தறியாத கை, தண்ணீருக்குள் இறங்கத் தயங்கியது. பிறகு இறங்கியது.

ஊரார் வாய் பட்ட குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே படிந்த வெள்ளை தண்ணீருக்குப் போகவில்லை. நீர்த்த ஆஸிடைக் கொஞ்சம் விட்டார், நுரைத்துக் கரைந்தது. வாய்ப்பக்கத்தை விரலால் தேய்த்தார். நல்ல தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் கறை தெரிந்தது, மறுபடியும் தேய்த்தார்.

எல்லாவற்றையும் துணியில் துடைத்து, நேசையன் பெயர் எழுதிய தட்டில் அடுக்கி ஸ்டோர் ஜன்னலில் வைத்தார். கையை உதறிக்கொண்டு, சாயா குடிக்கப் போனவர் திரும்புவதற்குள் பின்வாசல் வழியாக இறங்கி நடந்தார்.