பிசிறு வெட்டாத கூடு

ஆண்டிபாளையத்து லைன் வீடுகளில் மூணாவது ஊடு நஞ்சம்மாளுக்கு, நாலாவது குருசாமிக்கு. நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே சிமெண்டு சீட்டு. அந்தச் சீட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில், அதுவும் நஞ்சம்மாள் வாசலுக்கு நேர் மேலே, போயும் போயும் ஒரு மைனா ஜோடி குடிவந்து தொலைத்தது.

நஞ்சம்மாள் பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவள். தைத்த துணியில் துருத்திக்கொண்டு நிற்கும் நூல் முனைகளைத் தேடித் தேடி நறுக்க வேண்டும். அந்த மாசம் வந்ததெல்லாம் கைக்குழந்தைச் சட்டை. வெள்ளைன்னா வெள்ளை, அப்படி ஒரு வெள்ளை. அதன்மேல் மைனா என்ன செய்யும் என்று சொல்லவா வேண்டும்? ரெண்டு தடவை கறையோடு பீஸ் திரும்பி வந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் மூட்டையை வேற ஊட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் பொண்ணு மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனாள். இருபது வருசமாகச் செய்கிற வேலை. நஞ்சம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளே போய் உட்காரலாமே என்றால், பட்டப்பகலிலும் இருட்டு. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கண்ணுக்கு அகப்படாது. நிழல் விழுகிற இன்னொரு இடம் குருசாமி வாசல்தான். அங்கே அவருடைய மொபெட் ராசா கணக்காக நின்றுகொண்டிருக்கும்.

குருசாமிக்கோ மைனா என்றால் உசிர். சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து நிட்டிங் மிசின் ஓட்டுகிற ஒண்டிக்கட்டை. காலையில் வேலைக்குப் போகுமுன் சோத்துப் பருக்கை வைப்பார், தண்ணி வைப்பார். அது போதாதென்று, குஞ்சுக்கு மெத்து மெத்தென்று இருக்கட்டும் என வேஸ்ட் நூலைக் கம்பெனியிலிருந்து அள்ளிவந்து சன்னல் கம்பியில் சொருகி வைப்பார். மைனாவும் முழம் முழமாக உருவிக்கொண்டு போகும். மனுசன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்.

நஞ்சம்மாள் சண்டையிலும் 'ங்க' விடாதவள். கூட்டை எடுத்துப் போட்டுருங்க தம்பி என்றாள். குஞ்சு பொரிச்சிருச்சு யக்கா, ரெண்டு வாரம் பொறுங்க என்றார் அவர். ரெண்டு வாரத்துல என் பொழப்பு போயிருமுங்க என்றாள் இவள். அதோடு பேச்சு நின்றது. நஞ்சம்மாள் வாடகை வாங்குகிற வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பிக் கலைத்துவிடுகிறேன் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஆள் வருமுன்னே ஒரே கத்தல். நஞ்சம்மாள் வெளியே வந்து பார்த்தால், ஒரு குஞ்சு கூட்டுக்கு வெளியே தலைகீழாகத் தொங்குகிறது. காலில் ஆரஞ்சு நூல். தாயும் தகப்பனும் சுத்திச் சுத்திப் பறக்கின்றன. குருசாமி ஸ்டூலில் ஏறி நூலைப் பிடித்து இழுக்க, அது இன்னும் இறுகியது.

"இழுக்காதீங்க தம்பி," என்று சொல்லி, நூல் நறுக்குகிற தன் டிரிம்மரை மேலே நீட்டினாள். "கூட்டோரமா வெட்டிட்டு, குஞ்சை எங்கிட்டக் குடுங்க."

அவள் உட்கார, குஞ்சும் டிரிம்மரும் மடிக்கு வந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். நூல் மூணு சுத்து சுத்தித் தோலுக்குள் பதிந்திருந்தது. துணியில் ஒரு பொத்தல் விழாமல் இருபது வருசம் வெட்டிய கை அது. டிரிம்மர் நுனியை மட்டும் நூலுக்கடியில் விட்டு ஒரு சுத்து வெட்டினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, அப்புறம் கடைசி. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. உள்ளங்கையில் அந்தத் துளியூண்டு நெஞ்சு அடித்துக்கொண்டது. குஞ்சு நன்றிக்கடனாக அவள் சேலையில் ஒரு வெள்ளை வைத்தது.

குருசாமி தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். "நாந்தானே யக்கா குடுத்தேன், அந்த நூலை."

அந்நேரம் பார்த்து வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் கழியோடு வந்து நின்றான். கூடு இருக்கட்டும், நான் சொல்லிக்கிறேன் என்று அவனைத் திருப்பி அனுப்பினாள். பிறகு குருசாமியிடம் திரும்பினாள்.

"ஏனுங்க தம்பி, குருவிக்கு மெத்தை போடத் தெரிஞ்சுது. எனக்கு ரெண்டு முழம் நெழலு விடோணும்னு தோணலீங்களே."

குருசாமி எழுந்து போய் மொபெட்டைத் தள்ளி வெயிலில் நிறுத்தினார். வாசலைக் கூட்டினார். அவளுடைய மூட்டையைத் தானே தூக்கிவந்து அங்கே வைத்தார். அப்புறம் ஸ்டூலில் ஏறி, கூட்டிலிருந்த நூலையெல்லாம் ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். நஞ்சம்மாள் முந்தானையில் ஏந்திய குஞ்சோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிஞ்சுது யக்கா என்று அவர் இறங்கப் போனார்.

"எங்கீங்க முடிஞ்சுது? எடக்கைப் பக்கம் ஒண்ணு தொங்குது பாருங்க," என்றாள். "பிசிறு இருந்தா நான் பாஸ் பண்ண மாட்டேனுங்க."

குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கையை உள்ளே விட்டார்.