பின்பக்கத் தழும்பு

“கையை இறக்கிட்டா தொங்கறது தெரியாது. தூக்கினாத்தான் தெரியும்.”

“நான் நாள் முழுக்கத் தூக்கிட்டுத்தானே நிக்கறேன் டாக்டர்?”

டாக்டரம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். எதிரே இருந்தவள் பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் நடத்துபவள். பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, அவளுடைய நாத்தனார். அதே பார்லரில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள்; ஆள் குறைந்தால் புருவமும் திருத்துவாள்.

சர்க்கரை ஏறிவிட்டது என்று பயந்துபோய் உடம்பு இளைத்தவள் பார்லர்க்காரி. இளைத்தது உடம்புதான், தோல் கூட வர மறுத்துவிட்டது. மேல்கை இரண்டிலும் ஈரத்துணி காயப்போட்டதுபோல் தொங்கியது. அதை மறைக்க எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. தலை அலசும்போது சட்டைக்கை நனையும். வெட்டிய முடி உள்ளே புகுந்து மடிப்பில் குத்தும். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் தோல் சிவந்து கிடக்கும். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

“ஆள் காலி பண்ணிட்டாங்க டாக்டர், வீடு மட்டும் அப்படியே நிக்குது,” என்றாள் நாத்தனார். அவளே சிரித்துக்கொண்டாள்.

பார்லர்க்காரி சிரிக்கவில்லை. “அக்குள்ல மட்டும் சின்னதா ஒரு வெட்டு வெட்டுவாங்களாமே. வீட்லயும் அதைத்தான் சொல்றாங்க. நாலு நாள்ல எழுந்து வந்துடலாம்னு.”

“கொஞ்சமாத் தொங்கறவங்களுக்கு அது சரி. உங்களுக்கு முழங்கை வரைக்கும் தொங்குது. சுருக்குப்பை வாயை இழுத்துக் கட்டினா அடிப்பக்கம் மேல வந்துடுமா?”

“கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்துட்டா?”

“உங்ககிட்ட எடுக்கறதுக்குக் கொழுப்பு ஏதும்மா? எல்லாம் தோல். இன்னும் கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான்.”

“அப்ப பெரிசுதானா?”

“அக்குள்லருந்து முழங்கை வரைக்கும் வெட்டித் தைக்கணும். அதுதான் உங்க கைக்கு. ஆறு வாரம் கை தோளுக்கு மேல போகக் கூடாது.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு கிளை, காற்றே இல்லாமல், யாரோ அங்கே வைத்து மறந்துவிட்டுப் போனதுபோல் நின்றிருந்தது. மறுத்துப் பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே. “சரி,” என்றாள்.

“கடையை நான் பாத்துக்கறேன் அண்ணி. பின்தெருப் பொண்ணு சும்மாத்தான் இருக்கா, கத்திரி பிடிக்க அவளைக் கூப்பிட்டுக்கலாம்,” என்றாள் நாத்தனார் உடனே. யோசிக்கவேயில்லை.

“தழும்பு உள்பக்கமா, பின்பக்கமான்னு முடிவு பண்ணணும்,” என்றார் டாக்டரம்மா. “நிறையப் பேர் உள்பக்கம்தான் கேப்பாங்க. நீங்க எழுந்து, வேலை செய்யற மாதிரி நில்லுங்க பாப்போம்.”

கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடி இருந்தது. டாக்டரம்மா முக்காலியை இழுத்துப்போட்டு அதன் முன் உட்கார்ந்தார். மருத்துவமனை கொடுத்த கையில்லாத அங்கியோடு பார்லர்க்காரி பின்னால் போய் நின்று கைகளைத் தூக்கினாள். விரல்கள் தாமாகவே டாக்டரம்மாவின் தலையில் வகிடு எடுத்தன.

“நுனியெல்லாம் பிளந்திருக்கு,” என்றாள் தன்னையறியாமல்.

“அதுக்கு அப்புறம் வரேன்,” என்று சிரித்தார் டாக்டரம்மா. “உள்பக்கம் போட்டா, இங்க உக்கார்றவங்களுக்குக் கண்ணாடியில நேராத் தெரியும். தலையைத் திருப்பவும் முடியாது பாவம். பின்பக்கம்னா அவங்களுக்குத் தெரியாது.”

போன மாதம், நனைந்த சட்டைக்கையை அவள் மேலே சுருட்டிவிட்டிருந்த ஒரு நாளில், கடைக்கு ஒருத்தி வந்தாள், கல்யாணப் பெண். அரை மயிரிழைகூட அசையாமல் உட்கார்ந்து, கடைசிவரை கண்ணை மூடியே வைத்திருந்தாள். தன் கையைப் பார்க்கக் கூடாதென்ற மரியாதைக்காகத்தான் மூடியிருந்தாள் என்பது பார்லர்க்காரிக்குப் பாதி வேலையில்தான் புரிந்தது. வெறித்துப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“பின்பக்கம்னா யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான்!” என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து. “கல்லா அங்கதானே இருக்கு. நாள் பூரா ரெண்டு தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டு ரயில் வருமா வராதான்னு உக்காந்திருப்பேன்.”

டாக்டரம்மா எழுந்தார். “உள்ள ஒருத்தருக்குக் கட்டுப் பிரிக்கணும். வந்ததும் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.”

கதவு மூடியது. பார்லர்க்காரி கைகளை மெல்ல இறக்கினாள்.

ஒருமுறை வீட்டு விசேஷத்தில் தூரத்திலிருந்து அவள் கையசைத்தபோது, “கொடி ஏத்தியாச்சு, எல்லாரும் எழுந்திரிங்க!” என்று கத்தியவள் இந்த நாத்தனார்தான். அன்றிலிருந்து குடும்பம் முழுவதற்கும் அவள் ‘கொடி’. புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்து வைத்தாள். நாத்தனார் கெட்டவள் இல்லை. மாத்திரை வாங்கித் தருவது அவள். இன்று கடையைச் சாத்திவிட்டுத் துணைக்கு வந்ததும் அவள்தான். நாக்கில்தான் எலும்பு இல்லை.

“பின்பக்கமே போட்டுக்கோங்க அண்ணி. உங்க கண்ணுக்குத் தெரியாதது உங்களுக்கு எதுக்குக் கவலை?”

“எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே.”

“நான் என்ன அசலாளா?”

“அசலாளா இருந்தா பரவாயில்ல. ஒரு தடவை பாப்பாங்க, முடி வெட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. நீ எங்க போவ?”

நாத்தனாரின் உதட்டோரம் ஏதோ ஒன்று வந்து துள்ளியது. பார்லர்க்காரி அதைப் பார்த்தாள். அது சொல்லாக வெளியே வருவதற்குள், முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வராந்தாவில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“பின்பக்கமே போடச் சொல்றேன். நீ பாத்துக்கோ, நான் வேண்டாங்கல. ஆனா அதைப் பத்தி ஒண்ணும் சொல்லாம இருப்பியா? தமாஷுக்குக்கூட?”