மக்சிக் என்றொரு பெயர்

சம்சுன்னிசா தன்னை என்னவென்று கூப்பிடுகிறாள் என்பது நூருன்னிசாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் புருஷனிடம் சொல்லவில்லை.

சிராங்கூன் சாலையில் அப்துல் கஃபாருக்கு மளிகைக் கடை. கடைக்கு மேலே வீடு. முதல் மனைவி ஜன்னி கண்டு மௌத்தான பிறகு, எருமைகளின் சத்தம் கேட்கும் அந்த மாடியில் அவரும் மகள் சம்சுன்னிசாவும் மட்டும் இருந்தார்கள். நூருன்னிசாவும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். நிக்காஹ் முடிந்து, தன் சின்ன மகள் உம்மு சல்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினாள்.

குழந்தைக்கு என்ன தெரியும்? மறுநாளே கஃபாரின் கைலியைப் பிடித்துக்கொண்டு "வாப்பா" என்றது. அவரும் தூக்கிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த சம்சுன்னிசாவின் வாய் அன்றைக்கு மூடியது. சில நாள் கழித்துத் திறந்தபோது வந்த சொல், "மக்சிக்".

காலையில் தலையில் கூடையோடு பலகாரம் விற்க வரும் மலாய்க்காரியைத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மலாயில் அத்தை, சின்னம்மா என்பதுபோல மரியாதையான சொல்தான். ஆனால் வீட்டு அடுப்படியில் நிற்பவளைப் பார்த்துச் சொன்னால், கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போ என்று அர்த்தம். அதையும் வாப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வாள். அவர் இருந்தால் பெயரே கிடையாது. "பால் பொங்குது" என்று சுவரிடம் சொல்வாள்.

நூருன்னிசா கெஞ்சிப் பார்த்தாள். தலை வாரிவிடக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருநாள் கையையும் ஓங்கினாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அதன்பின் ஒன்றும் செய்யவில்லை. ஆக்கினாள், துவைத்தாள், படுத்தாள். தூங்கி எழுந்தாலும் தீராத அலுப்பு ஒன்று உடம்பில் தங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கஃபார் கடைக்குப் போகாமல் நேரே மேலே வந்தார். அதே சமயம் நூருன்னிசா சோற்றுத் தட்டை நீட்ட, சம்சுன்னிசா, கூடைக்காரிக்குச் சொல்வதுபோலவே கையை அசைத்தாள்.

"மக்சிக், இன்னிக்கி வேணாம். நாளைக்கி வா."

படியில் நின்ற கஃபாரின் முகம் கறுத்தது.

"என்ன சொன்னே? யாரைப் பார்த்து வா போங்கிறே? உம்மான்னு கூப்பிடு. இப்பவே என் காதுல விழணும்."

பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூப்பிட மாட்டியா? நாகப்பட்டினத்துக்குக் கப்பல் கிளம்புது. நம்ம ஊருக் குடும்பம் ஒண்ணு போகுது. அதுங்களோட உன்னை மாமி வீட்டுக்கு ஏத்திவிடுறேன். அங்கே போய்த் திமிரு காட்டு."

வெறும் மிரட்டல் இல்லை. இதைப் பற்றி அவர் இரண்டு தடவை நூருன்னிசாவிடம் பேசியிருக்கிறார். இன்றைக்குச் சொன்னால் செய்துவிடுவார்.

நூருன்னிசா சும்மா இருந்தால் போதும். அவள் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. கப்பல் போய்விடும், வீடு அமைதியாகிவிடும். சுவரிடம் பேசும் குரல் இல்லாத அடுப்படியை அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். இனித்தது. அந்த இனிப்பே அவளைப் பயமுறுத்தியது.

"ஏன் இப்படிச் சத்தம் போடுறிய?" என்றாள். "நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன். பலகாரக்காரி விளையாட்டு. சின்னவளுக்கு வேடிக்கை காட்டுறோம்."

"விளையாட்டா? சோத்துத் தட்டை வச்சிக்கிட்டா?"

"பொம்பளைங்க விளையாட்டு உங்களுக்கு எங்கே விளங்கும்? கை கழுவுங்க, மீன் ஆறுது."

கஃபார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா, நம்பினால் நல்லது என்று நினைத்தாரா, தெரியவில்லை. சாப்பிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெண் வாசற்படியில் வந்து நின்றாள்.

"பொய் சொன்னா அல்லாஹ் கேப்பான்."

"கேக்கட்டும். என்னைத்தானே கேப்பான்."

"நான் உம்மான்னு கூப்பிட மாட்டேன்."

"கூப்பிடாதே. என்னை உம்மான்னு கூப்பிட ஒருத்தி தொண்டை கிழியக் கத்திக்கிட்டுதான் இருக்கா. அதுவே எனக்குத் தாங்கலெ."

பெண்ணுக்குச் சிரிப்பு வருமென்று நினைத்தாள். வரவில்லை. தெருவில் ஒரு மாட்டு வண்டி கடகடத்துப் போய் ஓய்ந்தது.

"வாப்பா மறுபடியும் கேட்டா," என்றாள் சம்சுன்னிசா, சுவரைப் பார்க்காமல். "நீங்க அதே பொய்யைச் சொல்லுவீங்களா?"

நீங்க. நூருன்னிசா அதைக் கேட்டுக்கொண்டாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை. நாளைக்கும் அதற்கடுத்த நாளும் இந்தப் பெண்ணுக்காகச் சொல்ல வேண்டிய பொய்கள் எத்தனையோ.

"சொல்லித்தானே ஆகணும்," என்று சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.