காளைக்கு ஒரு நியாயம்

“தொழுவத்துப் பக்கம் போகாத. உன் வயித்துலதான் நிக்கலன்னா, மாட்டு வயித்துலயும் நிக்க விடமாட்டேங்குற” என்றாள் மாமியார்.

மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை ஒரு பகல்கூடத் தங்கவில்லை. இப்படிப் போனதில் அது மூன்றாவது. அதே மாதம் அவர்கள் பால்பண்ணையில் ஐந்து பசுக்களுக்குக் கரு கலைந்தது. இரண்டையும் முடிச்சுப் போட மாமியாருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பசுக்களையும் மலடுகள் என்று திட்டினாள். மருமகளின் தட்டும் படுக்கையும் தீவன அறைக்குப் போயின. கணவன் தடுக்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து காளையிடமிருந்து மாதிரி எடுத்துப் போனார். அடுத்த வாரம் முற்றத்தில் நின்று விளக்கினார். ஒரே செல்லால் ஆன கிருமியாம். காளைக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, தின்று கொழுத்து நிற்கும். ஆனால் சேரும் பசுவுக்கெல்லாம் ஒட்டவைத்துவிடும், கரு தங்காது.

“பசு மேல குத்தமில்லம்மா. காளையை முதல்ல வெளியேத்துங்க.”

மறுநாளே காளை கசாப்புக்கு லாரி ஏறியது. வாயில்லா ஜீவன்களைத் திட்டிவிட்டேனே என்று மாமியார் பசுக்களின் நெற்றியைத் தடவிக் கண் கலங்கினாள்.

தீவன அறை வாசலில் நின்ற மருமகள் அப்போதுதான் வாய் திறந்தாள். இதே வகைக் கிருமி ஒன்று மனிதரிடமும் உண்டு, அது ஆண்களிடம் சத்தமில்லாமல் இருக்கும், குறைப்பிரசவத்துக்கு அதுவும் காரணமாகலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளிடம் அதைக் கண்டுபிடித்தபோதே சொல்லியிருந்தார். இருவரும் சேர்ந்து மாத்திரை சாப்பிடாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். தன் பங்கை அவள் ஒவ்வொரு முறையும் விழுங்கினாள். கணவன் தன் பங்கைக் குப்பையில் எறிந்தான்.

“என் புள்ள என்ன மாடா?” என்றாள் மாமியார்.

கணவன் செருப்பைக் கழற்றினான். அடித்து முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு பால் கறக்கப் போனான்.

அந்த மாதமே அவனுக்கு ஒரு தையற்காரியின் மகளைப் பேசி முடித்தார்கள். பெட்டியோடு வெளியே அனுப்பப்பட்ட மருமகள் பேருந்து நிலையத்துக்குப் போகவில்லை. நேரே அந்தப் பெண் வீட்டுக்குப் போய் நடந்தது அத்தனையும் சொன்னாள். தையற்காரி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

“ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. வாக்கு குடுத்தாச்சு. உனக்குக் குடுத்துவைக்கல, போ.”

மருமகள் தெருவில் இறங்கி நடந்தாள். பின்னால் வெறுங்காலோடு யாரோ ஓடிவந்தார்கள். மணப்பெண். மூச்சிரைக்க நின்றவள், தாய்க்குக் கேட்காதபடி பேசினாள்.

“கல்யாணத்தை நிறுத்த என்னால முடியாதுக்கா. அவரு எறிஞ்சாரே, அந்த மாத்திரை பேரைச் சொல்லுங்க. சோத்துல கலந்துடுறேன்.”