பன்னீர் சோடாவில் பேர் வச்ச பிள்ளை

வெரோனிகாவோட பிள்ளையின் கல்லறை ஒன்பது வருஷத்தில் இருபத்திரண்டு அடி நகர்ந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. சுவரில் கீறல் இல்லை. நம்பாதவங்க டேப்பு வச்சு அளந்துட்டாங்க.

பிள்ளை பொறந்து எட்டு நாள். அப்பன் லூர்துபிரகாஷ், அது வயித்துல இருக்கும்போதே காமாலையில் செத்து, சுவருக்கு உள்ளே நாலாவது வரிசையில் கிடந்தான். அரியாங்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்த வெரோனிகா, பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பாலத்தில் நெரிசல். பிள்ளை நீலம் பாய்ஞ்சுட்டுது. சாவு நேரத்தில் யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணி இருந்தாப் போதும்னு சின்ன வயசில் கோயிலில் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. தண்ணி இல்லை. டிரைவர் கமலக்கண்ணன் தனக்குன்னு வச்சிருந்த பன்னீர் சோடாவை நீட்டினான். அதைத் தலையில் ஊத்தி, ஜெபம் சொல்லி, ரெக்ஸ்னு பேர் வச்சாள். பாலம் இறங்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

கல்லறைக் கமிட்டியில் உபதேசியார் யூஜின் விசாரிச்சார். சோடான்னு கேட்டதும் கையைக் காட்டி நிறுத்திட்டார். "செல்லாது. ஞானஸ்நானம் ஆவாத பிள்ளைக்குச் சுவருக்கு வெளியதான் இடம். இன்னிக்கு உனக்கு விட்டா, நாளைக்கு ஒருத்தன் டீயை ஊத்திட்டு வருவான். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்." சாட்சி சொல்ல வந்த கமலக்கண்ணன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கல. "அந்த எல்லாரும் அன்னிக்குப் பாலத்துல இருந்தாங்களா சார்?" வெளியேதான் புதைச்சாங்க.

வெரோனிகா நடந்ததை மீன் கடையில், பஸ்ஸில், ரேஷன் க்யூவில், கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் சொன்னாள். ஒருத்தர் முழுசா கேட்டு முடிச்சா, மறுநாள் கல்லறை ஒரு விரல் அகலம் அப்பன் பக்கமா நகர்ந்திருக்கும். பாதியில் எழுந்து போனவங்களுக்கு நகரல. யூஜின் சுவரை ரெண்டு அடி உயர்த்திக் கட்டினார். கமிட்டி சட்டத்தையும் மாத்தல, உள்ளே வந்த பிள்ளையை வெளியே தூக்கிப் போடவும் இல்ல.

போன வருஷம் ரெக்ஸ் அப்பன் பக்கத்தில் வந்து சேர்ந்தான். அதோட வெரோனிகா வாயை மூடிட்டாள். இன்னும் ஒருத்தர் கேட்டாலும் பிள்ளை அப்பனைத் தாண்டிப் போயிடும்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு யூஜின் கைத்தடி ஊணிக்கிட்டு வந்து நின்னார். கல்லறையில் மெழுகுவத்தி ஏத்தி முடிச்சவளைக் கேட்டார். "வெரோனிகா, சோடா பட்டப்ப பிள்ளை கண்ணைத் தொறந்துச்சாம்மா?"

அவள் செவ்வந்தியை உதிர்த்துப் போட்டுக்கிட்டே இருந்தாள். "காத்தடிக்குது உபதேசியாரே. மெழுகுவத்தியைக் கொஞ்சம் மறைச்சுக்குங்க."

அவர் குனிஞ்சு கையைக் குவிச்சு மறைச்சார். கல்லறை இன்னிக்கும் அங்கேயேதான் இருக்கு.