புல்லுக்குள் மாப்பிள்ளை

மாப்பிள்ளை என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கல்யாணமான நாளிலிருந்து ஒன்பது வருஷமாக மனைவியின் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டதில், மச்சான் கூப்பிட்ட பெயரே தெருவுக்கும் ஒட்டிக்கொண்டது. பால்காரர், பஞ்சர் கடைக்காரர், மகளின் பள்ளி வாத்தியார் என்று எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

மச்சான் கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் என்றைக்கோ முடிந்திருக்கும். அவர் தங்கமான மனுஷன். அதுதான் தொல்லை. வேலை போய் அவன் வாடி நின்றபோது, "நம்ம டிராக்டர் சும்மா நிக்குது, ஓட்டு மாப்ளே" என்று சாவியைக் கையில் திணித்தவர். ஹாலைப் பிளைவுட்டால் தடுத்து அறை ஆக்கிக் கொடுத்தவர். அந்த அறையில் அவன் தும்மினால் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து "வெந்நீர் குடி" என்று குரல் வரும். துணி எடுத்தால் இருவருக்கும் ஒரே கட்டம் போட்ட சட்டை. இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனால் பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி இருக்கும்.

போன மாதம் பழைய கூட்டாளி ஒருவன் போன் செய்தான். தூரத்து ஊரில் டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை. நல்ல ஆள் தேடுகிறார்கள், மாடியில் இரண்டு அறையும் தருவார்கள். நேற்று மறுபடியும் அடித்து, "சனிக்கிழமைக்குள்ள சொல்லுடா" என்றான். இன்று வியாழன். மாப்பிள்ளை மனைவியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது மச்சான் காதுக்குப் போகும், மச்சான் முகம் சுருங்கும், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் சோறு இறங்காது.

இன்றைய வேலை, மூடிப்போன ஆலையின் தொழிலாளர் குடியிருப்பில். இருபத்துநாலு வீடு, இரண்டு வரிசை, நடுவில் ஒரு தெரு. ஆறு வருஷமாக ஆள் இல்லாததால் புல் ஜன்னலை எட்டியிருந்தது. வாங்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்களாம். அதற்குள் தரை தெரிய வேண்டும்.

காவலாளி கேட்டைத் திறந்து விட்டுவிட்டுப் பூட்டைக் கையில் எடுத்தார்.

"மாடு உள்ள போகுதுன்னு ஆபீஸ்ல ஏசுறாங்க. நான் பூட்டிக்கறேன். வெளிய வரணும்னா ஹார்ன் அடி, மாப்பிள்ளை."

"சாயங்காலம்தான் வருவேன்ணே."

"மெதுவா வா. நான் மட்டும் எங்க ஓடிடப் போறேன்?" என்று சிரித்துவிட்டு, ரேடியோவைத் திருகிக்கொண்டு தன் கூண்டுக்குள் போனார்.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த புல்வெட்டி கட்டில் அகலம் இருக்கும். இரும்புக் கூட்டுக்கு அடியில் இரண்டு கத்திகள் சுழலும். முதல் கியரில் ஊர்ந்துகொண்டே, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்ட வேண்டும். புல் சரிய, பூச்சிகள் கிளம்ப, எங்கிருந்தோ நாலு கொக்குகள் வந்து பின்னாலேயே நடந்தன. அந்த இரைச்சல்தான் அவனுக்கு வசதி. இந்த ஒரு மாதமாக வண்டியில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுப் பேசிப் பழகிவந்தான்.

"மச்சான், நாங்க தனியாப் போலாம்னு இருக்கோம்."

இது நன்றாக இல்லை. அடுத்த சுற்றில் மாற்றிச் சொன்னான். "மச்சான், ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க." இதைக் கேட்டால் அவர் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்.

மதியம் பதினோராவது வீட்டின் கொல்லைக்குள் நுழைந்தபோது பின்னால் 'தடார்' என்றது. யாரோ துணி காயப்போடக் கட்டிய கம்பி. புல்லுக்குள் அறுந்து கிடந்தது கத்தித் தண்டில் சுற்றிக்கொண்டது. சுழற்சியை நிறுத்தி, புல்வெட்டியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினையும் அணைத்தான். தூக்கிய இரும்புக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் கை வைக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாததா? கட்டை வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. புல்வெட்டியைத் தூக்கிப் பிடிக்கும் எண்ணெய்க் குழாய் கசிவதும் தெரியும். இரண்டு வாரம் முன்பு அதன்மேல் ரப்பர் சுற்றிக் கட்டியதே அவன்தான். மச்சானிடம் சொன்னால் அன்றைக்கே புதுக் குழாய் வாங்கி வந்துவிடுவார். இன்னொன்றை அவர் கையிலிருந்து வாங்க மனசு வரவில்லை.

பத்து நிமிட வேலை என்று நினைத்தான். தரையில் உட்கார்ந்து, இடது காலை அடியில் நீட்டி, உள்ளே சாய்ந்து கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினான். மூன்று சுற்று கழன்றது. நாலாவது சுற்றில் 'புஸ்' என்று சத்தம் வந்து, சூடான எண்ணெய் கழுத்தில் தெறித்தது. தலையையும் கையையும் வெளியே இழுத்துக்கொண்டான். காலை இழுக்க முடியவில்லை.

இரும்புக் கூட்டின் விளிம்பு இடது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருந்தது. முதலில் வலிக்கவே இல்லை. பிறகு வலித்த வலியில் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "மச்சான்!"

அம்மா என்றுகூட வரவில்லை. அந்த வலியிலும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கத்திப் பார்த்தான். வெட்டி வந்த ஒற்றைத் தடம் தவிர, சுற்றிலும் ஜன்னல் உயரப் புல், அதற்கு மேல் ஒரு துண்டு வானம். சத்தம் புல்லிலேயே அமுங்கிப் போனது. கேட் எங்கோ முந்நூறு அடிக்கு அப்பால், ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. போன், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியில். கையை எவ்வளவு நீட்டினாலும் டயரைத்தான் தொட முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மச்சானாகத்தான் இருக்கும். 'சாப்டியா மாப்ளே' என்று கேட்க ஒரு மணிக்கு அடிப்பார். எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பார். மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. இப்போது பதறிக்கொண்டு பைக்கை எடுப்பார் என்று மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். சிள்வண்டு மட்டும்தான் கேட்டது. 'வண்டிச் சத்தத்துல காதுல விழல' என்று அவர் சோற்றில் கை வைத்திருப்பார். மனைவி சாயங்காலம் வரை கேட்க மாட்டாள். மாப்பிள்ளை எங்கே இருப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் தேடவில்லை.

அது மனதில் பட்டதும் கத்துவதை நிறுத்தினான்.

புல்வெட்டியைத் தூக்க முடியாது, மூன்று ஆள் கனம். தரையைத் தோண்டலாம். மழை பெய்த மண். ஆனால் மண் இளகினால் இரும்பும் கூடவே இறங்கி விடுமோ என்று பயமாக இருந்தது. குனிந்து விளிம்பின் இரு ஓரத்தையும் பார்த்தான். ஒரு ஓரம் துணி துவைக்கும் பழைய சிமெண்டுத் தளத்தில் உட்கார்ந்திருந்தது. மறு ஓரம் ஏற்கெனவே மண்ணில் பதிந்து, அடியில் ஏதோ செங்கல்லில் முட்டி நின்றிருந்தது. இதற்கு மேல் இறங்காது. இறங்காது என்று தனக்குத்தானே நாலு தரம் சொல்லிக்கொண்டான்.

கம்பியை நெம்ப எடுத்து வந்திருந்த ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைக் குத்தி இளக்கினான், விரலால் வாரி எறிந்தான். ஒரு சாண் போனதும் அடுப்புச் சாம்பல் வந்தது. யாரோ வருஷக்கணக்காகக் கொட்டியது. அதில் உடைந்த வளையல், பல் போன சீப்பு, கண்ணாடிச் சில்லு. சில்லு ஆள்காட்டி விரலைக் கிழித்தது. எறும்புகள் கழுத்துவரை ஏறின. தட்டிவிட்டுத் தோண்டினான். இடையில் ஒரு தரம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது மகளுடைய வாய்ப்பாட்டை ஒப்பித்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் அவளைப் போலவே ஏழெட்டில் தடுமாறினான்.

போன் இன்னும் இரண்டு முறை அடித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொடைக்கு அடியில் பள்ளம் விழுந்து, கால் அதில் இறங்க இறங்க, மேலே ஒரு விரல் இடைவெளி கிடைத்தது. சட்டையைக் கழற்றித் தொடையைச் சுற்றி, இரண்டு கையாலும் பின்னால் ஊன்றி இழுத்தான். தோல் கொஞ்சம் இரும்போடு போயிற்று. கால் வெளியே வந்தது.

எழ முடியவில்லை. மார்பால் ஊர்ந்து, டயரைக் கட்டிக்கொண்டு ஏறி, ஹார்னில் கையை வைத்து எடுக்காமலே இருந்தான்.

புல்லை விலக்கிக்கொண்டு வந்த காவலாளி, "அதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்று கேட்டார். அப்புறம்தான் காலைப் பார்த்தார். சாவிக்கொத்து கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு விரிசல் என்றார்கள். இடுப்புவரை மாவுக்கட்டு. மச்சான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். வாங்கி வந்த இளநீரைத் தானே புகட்டினார்.

"இனிமே நீ வண்டிப் பக்கமே போகக்கூடாது மாப்ளே. நான் ஆள் வச்சுக்கறேன். நீ வீட்டுல உக்காரு. ஆயுசுக்கும் நான் பாத்துக்கறேன்."

ஆயுசுக்கும் என்ற சொல் இரும்பைவிடக் கனமாக இறங்கியது. பழகி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"நாங்க தனியாப் போறோம் மச்சான்."

மச்சான் துண்டால் மூக்கைத் துடைத்தார். "ஊசி மயக்கம். தூங்கு" என்று போர்வையை இழுத்து விட்டார்.

மறுநாள் காலை மனைவி பிளாஸ்கோடு வந்தாள். மச்சானும் இருந்தார். மயக்கம் முழுதாகத் தெளிந்திருந்தது. மாப்பிள்ளை மறுபடியும் சொன்னான். பட்டறை, மாடி அறை, சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னான்.

மனைவி பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே, "தெரியும்" என்றாள். "ஒரு மாசமா தூக்கத்துல இதத்தானே சொல்லிட்டிருக்கீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"மச்சானுக்கு..."

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் மச்சான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேக்காத மாதிரி இருந்தா அதுவா போயிடும்னு நெனச்சேன்."

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

சனிக்கிழமை கெடு வைத்த வேலை கைவிட்டுப் போனது. கட்டுப் போட்ட காலோடு பட்டறைக்கு யார் எடுப்பார்கள்? மூன்று மாதம் கழித்து ஒரு இடம் காலியாகும், அப்போது வா என்று கூட்டாளி சொன்னான். அந்த மூன்று மாதமும் அதே பிளைவுட் அறையில், அதே கட்டிலில், கழிவறைக்குப் போகக்கூட மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு. மச்சான் தோளைக் கொடுத்தார், பேச்சைக் கொடுக்கவில்லை. மருந்து வேளைக்கு வந்தது. வெந்நீர் குடிக்கச் சொல்லும் குரல் வரவில்லை. சில ராத்திரிகளில் மாப்பிள்ளைக்கு அதைவிடப் புல்லுக்குள் கிடந்ததே தேவலை என்று தோன்றியது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நாள் வாயெடுத்தான். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அடக்கிக்கொண்டான்.

கட்டுப் பிரித்த அன்று மச்சான் அவனைப் பிடித்து வாசல்வரை நடத்திக் கூட்டி வந்தார். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தானும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊர்ல தண்ணி எப்படி?" என்று கேட்டார்.

"தெரியல மச்சான். போய்ப் பாத்துத்தான் சொல்லணும்."

"போய் இறங்கின அன்னிக்கே சொல்லு" என்றார் மச்சான்.