கிறகோரி திருத்திய இஞ்சின்கள்

முள்ளிவாய்க்கால் கரைக்கு அரசாங்கம் இஞ்சின்களைக் கொடுத்தது. திருத்த ஆளைக் கொடுக்க மறந்துவிட்டது. நீர்கொழும்பிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவன் எங்கள் கரை மீனவன் கிறகோரியின் வீட்டில் தங்கி, அந்த வளவிலேயே வேலை பார்த்தான். கொழும்பில் கூடிய சம்பளம் கிடைத்ததும் போய்விட்டான். எங்கள் பெடியன்களோ கிளறிக்கல் உத்தியோகச் சோதனைக்குப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். கிறீசில் கைவைக்கச் சொன்னால் கோபம் வேறு. மாரி கழிந்து மீன் படுகிற நேரத்தில் பாதி வள்ளங்கள் மணலில் கிடந்தன.

அப்போதுதான் கிறகோரி வேலை பழகிவிட்டான் என்று ஊர் நம்பியது. பழுதான இஞ்சினை வீட்டுக்குத் தூக்கிப்போவான். கிடுகு வேலிக்குப் பின்னால் ஒரு பகல் கிடக்கும். மாலையில் அது ஓடும்.

திருத்தியது அவன் பெண்சாதி யூலிற்றா. நீர்கொழும்பானுக்குச் சோறு கொடுத்து, ஸ்பனர் எடுத்துக்கொடுத்து, பார்த்துப் பார்த்தே படித்தவள். பெண் கை பட்டால் மீன் படாது என்பது எங்கள் கரையின் பிடிவாதம். தெரிந்தால் ஒருவரும் இஞ்சின் தரமாட்டார்கள். அதனால் இருவருமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். ஊர் தன்னை ‘மெக்கானிக்’ என்று கூப்பிடும்போதெல்லாம் கிறகோரிக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் திரும்பிப் பார்ப்பான்.

அந்த வருஷம் மீனவர் சங்கம் முல்லைத்தீவில் இஞ்சின் திருத்த ஒரு கொட்டில் போட்டது. மெக்கானிக் வேலைக்குச் சங்கத்தலைவர் செபமாலை கிறகோரியின் பெயரைக் கொடுத்துவிட்டார். கிறகோரி இழுப்பு வருத்தக்காரன், மூச்சு வாங்கும்; கடல் இனி அவனுக்குச் சரிவராது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஆளைச் சோதிக்க அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். கரையில் நின்ற ஒரு வள்ளத்தின் பழுதான இஞ்சினைக் காட்டினார்.

“இதை ஸ்ராட் பண்ணிக் காட்டும்.”

கிறகோரி மூடியைக் கழற்றினான். பார்த்தான். மறுபடி மூடினான்.

“வீட்டை கொண்டுபோய்த்தான் பாக்கவேணும் ஐயா. இஞ்சை ஒரே காத்து.”

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்ற கதைதான். சனம் சிரித்தது. அவனுக்குக் காது இரண்டும் சுட்டன.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குள்ளிருந்து யூலிற்றாவின் குரல் வந்தது.

“இஞ்சருங்கோ, பெற்றோலுக்கை தண்ணி போயிருக்கும். காபரேற்றரைக் கழட்டி ஊத்துங்கோ.”

எல்லாரும் திரும்பினார்கள். அவள் வள்ளத்துக்குக் கிட்டவும் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“அதில்லை, கீழை இருக்கிற திருகாணி. ஓம், அதுதான். இனிப் பிளக்கைத் துடையுங்கோ. சரி, கயித்தை இழுங்கோ.”

இஞ்சின் பிடித்துக்கொண்டது. அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவவுக்கு ஆர் பழக்கினது?”

உண்மை கிறகோரிக்குத் தொண்டை வரை வந்தது. செபமாலையைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான்.

“நான்தான் ஐயா. பக்கத்திலை வைச்சுப் பழக்கினனான். இண்டைக்குப் பதட்டத்திலை எனக்கே மறந்துபோச்சு.”

“அப்பிடியோ அம்மா?”

யூலிற்றா புருஷனைப் பார்த்தாள்.

“ஓம் ஐயா. அவர்தான்.”

பழக்கியது ஆம்பிளைதான் என்று கேட்டதும் சனத்துக்கு மூச்சு வந்தது. அதிகாரி கிறகோரியின் தோளில் தட்டினார். “பெண்சாதிக்கே பழக்கியிருக்கிறீர், கெட்டிக்காரன்தான். நாளைக்கே முல்லைத்தீவுக்கு வாரும்.”

வீட்டுக்குப் போகும்போது கிறகோரி எப்போதும்போல் முன்னால் நடக்கவில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அவள் நாலு பேச்சுப் பேசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ குசினிக்குள் போய் மீன் வெட்டத் தொடங்கினாள். அவன் வாசலில் நின்றான்.

“யூலிற்றா, நாளைக்கு அங்கை நீ நிக்கமாட்டாய். ஆர் எனக்குச் சொல்லித்தாறது?”

“ஏன், எனக்கே பழக்கின ஆளெல்லே நீங்கள்” என்றுவிட்டு அவள் அடுத்த மீனை எடுத்தாள்.